மூன்று புள்ளியில் ஒரு புது எழுத்து

ஜொகூர் மாநிலச் சின்னத்தில் ‘கெபாடா அல்லா பெர்செரா’ என்ற வாசகம், மலாய் மொழியை எழுதும் அரபு வழி எழுத்தான ஜாவியில் இருக்கிறது. ‘இறைவனிடமே ஒப்படைக்கிறோம்’ என்பது பொருள். அதன் முதல் சொல்லிலேயே அரபு நெடுங்கணக்கில் இல்லாத எழுத்து ஒன்று உண்டு.

மலாய்க்காரர்கள் அரபு எழுத்தை எடுத்துக்கொண்டபோது சில ஒலிகளுக்கு இடமில்லை. ‘பல்’ என்பதன் முதல் ஒலி அரபியில் கிடையாது. ‘பச்சை’யின் சகரமும், ங, ஞ ஒலிகளும், ‘தங்க’த்தில் வரும் மெல்லிய ககரமும் இல்லை. புது வடிவம் தேடாமல், இருந்த எழுத்துகளிலேயே புள்ளியைக் கூட்டினார்கள். ஒரு புள்ளியுள்ள ஃபாவுக்கு மூன்று வைத்தால் ப. ஜீமின் வயிற்றில் ஒன்றுக்குப் பதில் மூன்று வைத்தால் ச. புள்ளியே இல்லாத ஐனுக்கு மூன்று வைத்தால் ங. காஃபின் மேல் ஒன்று வைத்தால் மெல்லிய க. ஜாவியின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று 14-ஆம் நூற்றாண்டின் தெரெங்கானு கல்வெட்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபுத்தமிழ் எழுதியவர்களும் புள்ளி கூட்டும் இவ்வழியே சென்றார்கள்.

ஐரோப்பாவில் ஸ்லாவிய மொழிகளுக்கும் இதே சிக்கல். லத்தீன் எழுத்தில் செக் மொழியின் ச, ஷ ஒலிகளுக்குத் தனி எழுத்தில்லை. இரண்டு மூன்று எழுத்துகளைச் சேர்த்து எழுதினார்கள். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செக் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் எழுதியதாகக் கருதப்படும் நூல் ஒன்று, எழுத்தின் தலையில் ஒரு புள்ளி போதும் என்றது. அப்புள்ளியே பின்னாளில் சிறு கொக்கியானது. 1830-இல் மொழியறிஞர் லியுதெவித் காய் அதைக் குரோவாசிய மொழிக்கும் கொண்டுவந்தார். போலிஷ் மொழியோ சில ஒலிகளுக்குக் குறியிட்டு, சிலவற்றுக்கு எழுத்துகளைச் சேர்த்தே எழுதுகிறது.

மலாய் மொழி இரு வழிகளையும் வைத்திருக்கிறது. ஜாவியில் ஓர் எழுத்தாக நிற்கும் ங, லத்தீன் எழுத்தான ரூமியில் இரண்டு எழுத்து. ச ஒலிக்கும் 1972 எழுத்துச் சீர்திருத்தம் வரை மலேசியாவில் இரண்டு எழுத்துதான். சிகாமட் பக்கத்துச் சாஆ நகரின் ரூமிப் பெயரில் அந்தப் பழைய எழுத்துக்கூட்டல் இன்றும் நிற்கிறது.

தமிழ்ப் புள்ளி உயிரை நீக்குகிறது. ஜாவிப் புள்ளி மெய்யையே மாற்றுகிறது. ஜாவி பழக விரும்புபவர்கள் ஜொகூரின் பாசிர் கூடாங் நகரின் பெயரிலிருந்து தொடங்கலாம். வலமிருந்து படித்தால் முதலெழுத்து ப, இரண்டாம் சொல்லின் தொடக்கம் க, கடைசி எழுத்து ங. ஒரே பெயரில் மூன்று புது எழுத்துகள் கைவந்துவிடும்.