மணவிழாவின் இசையும் அழைப்பிதழும்

தமிழர் இல்லத் திருமணத்தில் விருந்தினர் கைக்கு முதலில் வந்து சேர்வது அழைப்பிதழ். மண்டபத்தை நெருங்கும்போது முதலில் காதில் விழுவது நாகசுரம். ஊரில் வாழ்வோர்க்கு இவ்விரண்டையும் ஏற்பாடு செய்வது கடினமன்று. அச்சகத்தாரும் மேளக்காரரும் முறை அறிந்தவர்கள். நாளைச் சொன்னாலே போதும். தில்லி, மும்பை, நாகபுரி போன்ற நகரங்களில் வாழும் குடும்பத்தாரோ ஒவ்வொன்றையும் தாமே அறிந்து சொல்ல வேண்டியவராய் உள்ளனர்.

நாகசுரத்தைப் பேச்சு வழக்கில் நாதஸ்வரம் என்பர். தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டை இக்கருவி செய்வதில் புகழ்பெற்ற ஊர். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து அங்குள்ள கைவினைஞர் இதனைச் செய்கின்றனர். இவ்வூர் நாகசுரத்திற்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வாயில் வைத்து ஊதும் சிறு பகுதி சீவாளி எனப்படும். நாகசுரத்திற்கு இணைபிரியாத் துணை தவில். அதன் ஒரு பக்கத்தைக் குச்சியாலும், மறுபக்கத்தை விரல்களில் கூடு அணிந்தும் முழக்குவர். சுருதியும் தாளமும் உடன் சேர, இக்குழு மங்கல இசைக் குழு ஆகிறது.

திருமணத்தில் இசை என்பது பின்னணி ஒலி அன்று. சடங்கின் ஓர் உறுப்பு. மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றல், ஊஞ்சல் என ஒவ்வொன்றிற்கும் ஏற்ற பாட்டைக் கலைஞர் தேர்ந்து வாசிப்பர். சோகச் சுவை மிக்கதாகக் கருதப்படும் முகாரி போன்ற இராகங்களை மணப்பந்தலில் தவிர்ப்பர். தாலி கட்டும் வேளையில் பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி, "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்பார். அதுவரை மெல்ல நடந்த இசை ஒரே நொடியில் தவிலின் பெருமுழக்கமாக மாறும். தும்மல், அழுகுரல் போன்ற ஒலிகள் அந்நேரத்தில் காதில் விழலாகாது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம்.

ஒலிப்பதிவைக் கொண்டு இதனைச் சமாளிக்க முயல்வோர் படும் பாடு இங்கேதான் தொடங்குகிறது. தாலி எந்த நொடியில் கட்டப்படும் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. தவில் கலைஞரின் கண் மணமேடைமீதே இருக்கும். கருவிக்குக் கண் இல்லை. கைப்பேசியில் கெட்டி மேளத்தைத் தேடும்போது ஏதேனும் விளம்பரம் ஒலித்துவிடுவதும் உண்டு! ஆதலால் செலவைச் சுருக்க விரும்புவோர்கூட, இரண்டு நாகசுரம், இரண்டு தவில் என்னும் முழுக்குழுவிற்கு மாற்றாக, ஒரு நாகசுரமும் ஒரு தவிலும் கொண்ட சிறு குழுவையேனும் அமர்த்துதல் நன்று. தமிழ்க் கோயில்கள் உள்ள பெருநகரங்களில் அக்கோயில்களில் வாசிக்கும் கலைஞரை விசாரித்து அழைக்கலாம். நாகசுரம் திறந்த வெளிக்குரிய கருவி. எனவே மூடிய சிறு கூடத்தில் ஒலிபெருக்கி தேவைப்படாது. வைத்தால் அருகில் இருப்போர் காதைப் பொத்திக்கொள்வர்.

வடநாட்டு மண்டபங்களில் செனாய் எளிதில் கிடைக்கிறது. அதுவும் மங்கலக் கருவியே. 2001ஆம் ஆண்டில் பாரத ரத்னா விருது பெற்ற பிஸ்மில்லா கான் வாசித்தது அதுதான். மாலை வரவேற்பிற்கு அது மிகவும் பொருந்தும். தாலி கட்டும் வேளைக்குத் தவில் வேண்டும்.

கிறித்தவத் திருமணத்தில் பாடல்கள் அச்சிட்ட சிறுநூலாகவே கையில் தரப்படுவதுண்டு. வந்தோர் அதனைப் பார்த்து உடன் பாடுவர். சுயமரியாதைத் திருமண அழைப்பிதழில் முகூர்த்தத்திற்கு மாறாகத் தலைமை ஏற்பவர், வாழ்த்துரை வழங்குவோர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெறும்.

பொதுவாக அழைப்பிதழின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவப்பட்டிருக்கும். உள்ளே தமிழ் ஆண்டின் பெயர் வரும். அறுபது பெயர்கள் சுழன்று வருவதால், 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு விசுவாவசு எனப்பட்டது. சிலர் திருவள்ளுவர் ஆண்டையும் குறிப்பர். ஆங்கில ஆண்டுடன் 31ஐக் கூட்டினால் அது கிடைக்கும். அதன்பின் முகூர்த்த நேரம். இங்குதான் பிற மாநிலத்தில் வாழ்வோர் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். வடநாட்டில் திருமணம் பெரும்பாலும் இரவில் நிகழும். "7.30 முதல் 9.00 வரை" என்று மட்டும் அச்சிட்டால், அண்டை வீட்டார் மாலையில் வந்து பூட்டிய மண்டபத்தைக் காண நேரிடும். "காலை" என்னும் சொல் எல்லா மொழியிலும் பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும்.

தமிழ் அறியாத அச்சகத்தில் வேறொரு தொல்லை உண்டு. "திருமணம்" என்பது "திருமனம்" ஆகிவிடும். "வாழ்த்து" ஓர் எழுத்தை இழந்து நிற்கும். சில கணினிகளில் எழுத்துரு சரியாக இயங்காமல், "கெட்டி மேளம்" என்பதில் உள்ள கொம்புகள் எழுத்துக்கு முன்னே நிற்காமல் பின்னே போய் விழும். அச்சகத்தார்க்கு அது பிழையென்றே தெரியாது. படிக்கத் தெரிந்தவர் ஒருவர் மெய்ப்புத் தாளை எழுத்தெழுத்தாகப் பார்த்த பின்னரே அச்சிட ஒப்புதல் தர வேண்டும். பல வீடுகளில் அவ்வாறு படிக்கத் தெரிந்தவர் தாத்தாவோ பாட்டியோ ஒருவர் மட்டுமே. அவருக்கும் கண் மங்கியிருக்கும். பள்ளியில் தமிழ் கற்கும் பிள்ளை அவர் அருகில் அமர்ந்து உரக்கப் படித்துக் காட்டினால், பிழை இரு முறை வடிகட்டப்படும்.

அண்மைக் காலத்தில் நிகழ்ச்சி நிரல் ஒன்றையும் தனித்தாளில் அச்சிட்டு வாயிலில் தருகின்றனர். எந்தச் சடங்கு எப்போது, அதன் பொருள் என்ன என்பதை ஓரிரு வரியில் அது கூறும். தமிழும் இந்தியும் அல்லது தமிழும் மராத்தியும் எதிரெதிரே இருப்பின் மணமகனின் அலுவலக நண்பர்க்கும் எளிது. நேரத்தை மிகத் துல்லியமாகக் குறிப்பது வீண்; ஊஞ்சல் எப்போதும் தாமதமாகவே தொடங்கும். கெட்டி மேளம் ஒலிக்கும்போது எழுந்து அட்சதை தூவ வேண்டும் என்னும் குறிப்பு அவசியம் இருக்கட்டும்; அல்லாவிடில் புதியவர் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பர். கடைசி வரியில் பந்தி தொடங்கும் நேரம் இருக்கும். பலரும் முதலில் தேடிப் படிப்பது அந்த வரியைத்தான்.