கேட்காமலே கிளம்பலாம்

2023 ஆகஸ்ட் 8. ஹவாயின் மாவி தீவில், லஹைனா நகரத்தில் பலத்த காற்று என்று பள்ளிகளுக்கு விடுமுறை. அப்பா அம்மாவுக்கு விடுமுறை இல்லை. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர். ஹோட்டல் வேலைக்குப் போயே ஆக வேண்டும். பல வீடுகளில் பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். காலையில் அறுந்து விழுந்த மின்கம்பியால் பற்றிய தீயை அணைத்தாயிற்று என்று தீயணைப்பு வீரர்கள் நினைத்தார்கள். மதியம் மூன்று மணி வாக்கில் அதுவே மறுபடி மூண்டது என்று பின்னால் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. கைவிட்ட கரும்புத் தோட்டங்களில் காய்ந்த புல் மண்டிக் கிடந்தது. காற்றோ மலையிலிருந்து ஊரைப் பார்த்து அடித்தது. இறந்தவர்கள் 100 பேருக்கு மேல்.

அபாயச் சங்கு ஒன்றுகூட ஊதவில்லை. சங்கு கேட்டால் சுனாமி என்று எண்ணி மக்கள் மலைப்பக்கம், அதாவது தீயை நோக்கியே ஓடுவார்கள் என்று பேரிடர் அதிகாரி விளக்கம் சொன்னார். சில நாளில் பதவி விலகினார். அவர் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் சங்குக்குப் பதிலாகச் செல்போனை நம்பியிருந்தால், அன்று மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை.

தனியாக இருக்கும் பிள்ளைக்கு ஆபத்து இங்கேதான். வீட்டைவிட்டுப் போகலாமா என்று அம்மாவிடம் கேட்கக் காத்திருக்கும். நல்ல பிள்ளையாக வளர்த்ததற்குக் கிடைக்கும் தண்டனை இது. காட்டுத்தீ மூளும் கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் பல. "புகை நெருங்கினால் எங்களைக் கேட்காமலே கிளம்பு, திட்ட மாட்டோம்" என்று இன்றே சொல்லிவையுங்கள். எந்த வழியாக, எந்தப் பக்கத்து வீட்டாரோடு, எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதையும் பேசிவையுங்கள். அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச் சேரும். வெளியூர் உறவினர் ஒருவரின் எண் மனப்பாடமாக இருக்கட்டும்.

கார் ஓட்டத் தெரிந்த பிள்ளையானால், கராஜ் கதவையும் கையால் திறந்து பழகியிருக்க வேண்டும். மின்சாரம் போனால் பொத்தான் வேலை செய்யாது. மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கைப்பிடிக் கயிற்றை இழுத்து விடுவித்தால்தான் கதவைத் தூக்க முடியும். அதுவும் நல்ல கனம். 2017இல் கலிபோர்னியாவில் எரிந்த தீயில் இந்தக் கதவைத் திறக்க முடியாமல் முதியவர்கள் மாண்டார்கள். 2019 ஜூலை முதல் அங்கே விற்கும் கதவு மோட்டார்களில் பேட்டரி கட்டாயம். வாடகை வீடானால், இருக்கிறதா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

கிளம்பும்போது அணிய வேண்டியவை: பருத்தி முழுக்கைச் சட்டை, மூடிய ஷூ, என்95 முகக்கவசம். பாலியெஸ்டர் வேண்டாம், உருகித் தோலில் ஒட்டும். கிளம்பவே வழியில்லை என்றால் கால்நடையாகத் தீக்கு முன்னால் ஓடுவதைவிட வீடு மேல். சன்னல் கதவுகளைச் சாத்தி, பூட்டாமல் விட்டு, தொட்டியில் நீர் பிடித்து, வெளிச்சுவரிலிருந்து தள்ளி, வாசல் ஒன்று பக்கத்தில் இருக்கும்படி இருக்க வேண்டும். வீடு பற்றிக்கொண்டால், வெளியே அனல் அலை தணிந்ததும் எரிந்து முடிந்த தரைப் பக்கம் வந்துவிட வேண்டும்.

இனி, தீக்குப் பிறகு கிடைக்க வேண்டியவை. லஹைனா வழக்குகளில் மின் நிறுவனமும் மாநில அரசும் மற்றவர்களும் சுமார் 400 கோடி டாலர் தர 2024இல் சம்மதித்தார்கள். ஹவாயில் காயத்துக்கும் சொத்திழப்புக்கும் வழக்குத் தொடரப் பொதுவாக 2 ஆண்டு கெடு. சிறாருக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் 18 வயதுக்குப் பிறகே ஓடும். அரசு அமைப்புகள் மீதான கோரிக்கைக்குத் தனிக் கெடு உண்டு என்பதால் வக்கீலைத் தள்ளிப்போடாமல் பாருங்கள். பேரிடர் அறிவித்த இடங்களில் இலவச சட்ட உதவியும் கிடைக்கும்.

அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமா தரும் நிவாரணம் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு. பெற்றோருக்கு விசா சிக்கல் இருந்தாலும், அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளையின் பெயரால் விண்ணப்பிக்கலாம். மறுப்புக் கடிதம் வந்தால் விட்டுவிடாதீர்கள்: பல நேரம் ஏதோ ஒரு காகிதம் குறைவு என்பதுதான் காரணம், மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம் இருக்கிறது.