உங்களுக்குத் தெரியுமா? வளர்ச்சியா, பசுமையா?

மேடையில் மரக்கன்று நடுவார்; அலுவலகம் திரும்பியதும் மரம் வெட்டும் கோப்பில் கையெழுத்துப் போடுவார். அரசியல்வாதிகளைப் பற்றி நம் நினைப்பு இதுதான். யார் எப்போது பசுமையின் பக்கம் நிற்பார் என்பதைக் கட்சியை வைத்துக் கணிக்க முடியாது. யார் பணம், எவ்வளவு செலவு என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

● அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970-இல் பிறந்தது, குடியரசுக் கட்சிக்காரரான ரிச்சர்ட் நிக்சன் ஆட்சியில். அதே நிக்சன், 1972 அக்டோபரில் தூய நீர்ச் சட்டம் வந்தபோது செலவு கட்டுப்படியாகாது என்று நிராகரித்தார். மறுநாளே நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அவரை மீறி அதை நிறைவேற்றிவிட்டன!

● அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1979-இல் வெள்ளை மாளிகைக் கூரையில் 32 சூரியத் தகடுகளைப் பொருத்தினார். வேலை, தண்ணீர் சூடாக்குவது. 1986-இல் கூரையைப் பழுதுபார்க்க இறக்கியவற்றை ரீகன் நிர்வாகம் திரும்ப ஏற்றவே இல்லை. பிறகு அவை மெய்ன் மாநிலக் கல்லூரி ஒன்றுக்குப் போய், அங்கே உணவுக்கூடத்துக்கு வெந்நீர் தந்தன.

● வேதியியல் படித்தவர் பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர். 1989-இல் ஐ.நா. பொதுச் சபையில் புவி வெப்பமாதலைப் பற்றி உலகை எச்சரித்தார். பதவி போன பின், 2002-இல் எழுதிய நூலில் அத்தகைய எச்சரிக்கைகளைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்.

● 2017 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்துக்குள் ஒரு நிலக்கரிக் கட்டியோடு நுழைந்தார் நிதியமைச்சர் ஸ்காட் மாரிசன். பயப்படாதீர்கள் என்று எதிர்க்கட்சிக்குக் காட்டினார். சக உறுப்பினர்கள் கைக்குக் கை வாங்கிப் பார்த்தார்கள். கரி ஒட்டாதபடி அதற்கு வார்னிஷ் பூசியிருந்தது! பிரதமரான பின், 2050-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்று 2021-இல் அறிவித்தவரும் இவரே.

● 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு. விருந்தளித்த சுவீடன் பிரதமர் ஓலோஃப் பால்மேயைத் தவிர, அங்கு வந்த ஒரே அரசுத் தலைவர் இந்திரா காந்தி. வறுமையைப் போக்காமல் சுற்றுச்சூழலைக் காக்க முடியாது என்பது அவர் வாதம். ஆனாலும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டம் கைவிடப்பட்டு, சோலைமந்திகளின் காடு 1984-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அவர் காலத்து முடிவுகளால்தான்.

● நார்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் 10-க்கு ஏறக்குறைய 9 மின்சாரக் கார்கள். அரசின் செல்வமோ பெருமளவு எண்ணெய், எரிவாயு ஏற்றுமதியிலிருந்து வருகிறது. உள்ளூரில் புகையில்லை, புகை போகும் இடம் வேறு.

● ஈக்வடார் அதிபர் ரஃபேல் கொரேயா 2007-இல் ஒரு பேரம் பேசினார்: யசுனி காட்டின் அடியிலுள்ள எண்ணெயைத் தொடமாட்டோம், பதிலுக்கு உலகம் 360 கோடி டாலர் தரட்டும். கைக்கு வந்தது சுமார் 1.3 கோடி. 2013-இல் திட்டத்தைக் கைவிட்டுத் துரப்பணத்துக்கு வழிவிட்டார். 2023-இல் பொதுவாக்கெடுப்பு வந்தது. வருமானம் போகும் என்று அரசு எச்சரித்தும், எண்ணெய் நிலத்தடியிலேயே இருக்கட்டும் என்று சுமார் 59 சதவீதம் பேர் வாக்களித்தார்கள்.