ஐ.ஆர்.சி. அறைக்குள் நுழைவது எப்படி?

1988-இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் உருவாக்கிய ஐ.ஆர்.சி. எனும் இணைய உரையாடல் முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. விக்கிப்பீடியா தன்னார்வலர்கள் 2021-இல் தங்கள் அறைகளை லிபெரா சாட் என்ற கட்டமைப்புக்கு மாற்றினார்கள். இணைய உலாவி இருந்தால் போதும். ஒரு புனைபெயரையும் அறையின் பெயரையும் கொடுத்து உள்ளே போகலாம். பெயரை மறைச்சொல்லோடு பதிந்துவிடுங்கள். இல்லையேல் நீங்கள் இல்லாத வேளையில் அதே பெயரில் வேறொருவர் பேசலாம்!

புதியவர்கள் தடுமாறுவது அதற்குப் பிறகுதான். பட்டியலில் ஏராளமான பெயர்கள் தெரியும். வணக்கம் சொன்னால் பதிலே வராது. கோபிக்க வேண்டாம். பலர் கணினியைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். நமக்குக் காலை எட்டு மணி என்றால் ஐரோப்பாவில் இன்னும் விடிந்திருக்காது. "ஒரு கேள்வி கேட்கலாமா?" என்று நிற்காமல் கேள்வியையே எழுதிவிட்டுக் காத்திருங்கள். வெளியேறிவிட்டால், பிறகு வரும் பதில் பொதுவாக உங்கள் திரைக்கு வராது.