புது எஞ்சினுக்கும் உண்டு வெள்ளோட்டம்!

ஆடிப்பூரத் தேரோட்டம் பார்க்க எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருக்கிறீர்களா? வடம் பிடிக்கக் கூடும் கூட்டத்தையும், அசைந்து அசைந்து வரும் ஆண்டாள் தேரையும் ஒருமுறை பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது.

எந்த ஊரானாலும் சரி, புதிதாகச் செய்த தேரில் முதல் நாளே சுவாமியை ஏற்றிவிட மாட்டார்கள். வெறும் தேரை மெல்ல வீதி சுற்றி இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, சக்கரம் ஒழுங்காக உருள்கிறதா, முட்டுக்கட்டை போட்டால் நிற்கிறதா என்று தச்சர்கள் கூடவே நடந்து கவனிப்பார்கள். இதற்குப் பெயர்தான் வெள்ளோட்டம்.

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் சீறிப் பாயக்கூடிய ஸ்போர்ட்ஸ் காருக்கும் இப்படி ஒரு வெள்ளோட்டம் உண்டு என்றால் நம்புவீர்களா?

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் செய்யும் '911' என்ற கார் உலகப் புகழ் பெற்றது. அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 7000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் வல்லமை கொண்டது. ஆனால் காரோடு கொடுக்கும் கையேட்டைப் பிரித்தால், 'முதல் 3000 கிலோமீட்டர் வரை நிமிடத்துக்குச் சுமார் 4000 சுற்றுகளைத் தாண்டாதீர்கள்' என்று இருக்கும். கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியவர், வாங்கியவுடன் அதன் முழு வேகத்தைப் பார்க்க முடியாது! இப்படிப் பழக்குவதை 'ரன்னிங் இன்' என்பார்கள். நம் ஊர் மெக்கானிக்குகள் 'வண்டியைப் பழக்கணும்' என்று சொல்வார்கள்.

ஏன் பழக்க வேண்டும்? இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. புளியங்குடி சாலையில் தெரிந்துகொண்டேன்.

1986ஆம் வருடம். என் அத்தான் ஒரு புது மோட்டார் பைக் வாங்கினார். மூன்று வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், போதாததற்கு அத்தையின் வளையலை அடகு வைத்த பணம். வண்டி வந்த வாரமே குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று கேள்விப்பட்டோம். விடுவோமா? என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அத்தான் கிளம்பிவிட்டார். ராஜபாளையம் தாண்டியதும் ஆக்ஸிலேட்டரை முறுக்கியவர் முறுக்கியபடியே இருந்தார். சிவகிரி, வாசுதேவநல்லூர் எல்லாம் பறந்தன. எனக்கும் குஷிதான்!

புளியங்குடியை நெருங்கும்போது 'கிரீச்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் சுழலாமல் அப்படியே நின்று, தார் ரோட்டில் கோடு இழுத்துக்கொண்டு போனது. வண்டி ஒரு பக்கமாகச் சறுக்கியது. அத்தான் சட்டென்று கிளட்ச்சைப் பிடித்ததால் சக்கரம் விடுபட்டு, தட்டுத்தடுமாறி ஓரமாக நின்றோம். அடுத்த நொடியே ஒரு பஸ் எங்களை உரசுவது போலக் கடந்து போயிற்று. இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒரு பட்டறைக்குப் போனோம். வயதான மெக்கானிக் ஒருவர் எஞ்சினைப் பிரித்து பிஸ்டனை வெளியே எடுத்தார். பளபளவென்று இருக்கவேண்டிய பிஸ்டனில் பூனை பிராண்டியது போல நீள நீளமான கீறல்கள்!

"தம்பி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்று கேட்டார்.

"நூத்தி அறுபது அண்ணாச்சி."

"புது வண்டிய இப்படி விரட்டலாமா? பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு பாருங்க."

பிஸ்டன் ஏன் பிடித்துக்கொள்கிறது? எஞ்சினுக்குள் சிலிண்டர் என்ற உருளை இருக்கிறது. அதற்குள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால், பிஸ்டன் நிமிடத்தில் 4000 தடவை மேலே போய் 4000 தடவை கீழே வருகிறது. ஒரு வினாடிக்கு எத்தனை தடவை என்று வகுத்துப் பாருங்கள், தலை சுற்றும்! இத்தனை ஓட்டம் ஓடும் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, பெரும்பாலான எஞ்சின்களில் உங்கள் தலைமுடியின் பருமனை விடக் குறைவு. அந்த இடைவெளியில்தான் எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது.

பெட்ரோல் எரியும்போது அந்த வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும்! எண்ணெயும், சிலிண்டரைச் சுற்றியுள்ள காற்று அல்லது நீரும் வெப்பத்தை உடனுக்குடன் கடத்திவிடுவதால்தான் பிஸ்டன் பிழைக்கிறது. இன்னொரு விஷயம். சூடானால் உலோகம் விரியும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அலுமினியம், வார்ப்பிரும்பைப் போலச் சுமார் இரண்டு மடங்கு விரியும். அந்தக் காலத்துப் பைக்குகளில் சிலிண்டரின் உட்சுவர் பெரும்பாலும் வார்ப்பிரும்புதான். அளவுக்கு மீறிச் சூடானால் சிலிண்டரை விட பிஸ்டன் அதிகமாகப் பருத்து, இடைவெளியே இல்லாமல் போய், சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதுதான் எங்களுக்கு நடந்தது.

'அது சரி, புது வண்டிக்கு மட்டும் ஏன் அதிகச் சூடு?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! புதிதாகக் கடைந்த உலோகம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்த மேடுகள் ஒன்றோடொன்று உரசுவதால் உராய்வும் சூடும் கூடுதல். ஓட ஓட மேடுகள் தேய்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும்.

இங்கே தேரை விட அம்மிதான் சரியான உதாரணம். தேரின் வெள்ளோட்டம் ஒரு சோதனை. அதனால் தேர் மாறுவதில்லை. ஆனால் புதிதாகக் கொத்திய அம்மியில் உங்கள் பாட்டி நேராக மிளகாய் அரைக்க மாட்டார். முதலில் தவிட்டையோ உமியையோ அரைத்து வழித்து எறிவார். ஏன்? கல் பொடி அதோடு போய்விடும். எஞ்சினிலும் இதே கதைதான்! மேடுகள் தேயும்போது உதிரும் உலோகத்துகள் எண்ணெயில் கலக்கிறது. அதனால்தான் பல பைக்குகளுக்கு 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் முதல் சர்வீஸ் செய்து எண்ணெயை மாற்றச் சொல்கிறார்கள். பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் 'எம்' ரக வேகக் கார்களுக்கு 2000 கிலோமீட்டரில் இந்த முதல் எண்ணெய் மாற்றம் உண்டு.

அம்மியில் புள்ளி புள்ளியாகக் கொத்துகிறார்களே, அதற்கும் இங்கே ஒரு ஜோடி இருக்கிறது. சிலிண்டரின் உட்சுவரில் வலை பின்னியது போலக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போட்டிருப்பார்கள். எண்ணெய் வழிந்து ஓடிவிடாமல் அந்தக் கோடுகளில் தங்கும்.

சரி, அப்படியானால் ஆமை வேகத்தில் ஓட்டினால் நல்லதுதானே? அதுவும் தப்பு! என்னோடு வேலை பார்த்த ஒரு ஆசிரியர் புது மோட்டார் சைக்கிளை மாதக்கணக்கில் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டவே இல்லை. சைக்கிளில் போகும் பையன்கள் கூட அவரை முந்துவார்கள். கடைசியில் அந்த வண்டி நீலப் புகை கக்க ஆரம்பித்தது. எண்ணெயையும் குடித்தது.

காரணம் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்கள், அதாவது ரிங்குகள். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து, அதைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தம் இருந்தால்தான் ரிங் சுவருக்கு ஏற்றபடி தேய்ந்து பொருந்தும். மிகவும் மெதுவாகவே ஓட்டினால் அழுத்தம் போதாது. ரிங் பொருந்துமுன்பே சுவரில் எண்ணெய் தீய்ந்து, வார்னிஷ் அடித்தது போலப் பளபளப்பாகிவிடும். பிறகு ரிங் எவ்வளவு முயன்றாலும் பொருந்தாது. எண்ணெய் மேலே கசிந்து எரியும். அதுதான் நீலப் புகை.

ஆகவே விரட்டவும் கூடாது, கொஞ்சவும் கூடாது. கொஞ்சம் வேகம், கொஞ்சம் நிதானம் என்று மாற்றி மாற்றி ஓட்டவேண்டும். ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகக்கூடாது. மேட்டில் டாப் கியரிலேயே முக்கி முனக வைக்கக்கூடாது. இப்போது வரும் எஞ்சின்களின் வேலைப்பாடு மிக நுட்பம், எண்ணெயும் தரமானது. அதனால் பழைய வண்டிகள் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் கையேட்டில் இதற்கு இன்றும் ஒரு பக்கம் இருக்கும். மின்சாரக் காரில் பிஸ்டனே கிடையாது. அதிலும் புது டயரும் புது பிரேக்கும் பழகக் கொஞ்ச தூரம் ஓடவேண்டும்.

சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற கார் தயாரானது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அதன் மூலம். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தை வைத்து 1962ல் அங்கே 'ஸ்பிட்ஃபயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆக, ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணன் நம் தமிழ்நாட்டு ரோடுகளில் ஓடியிருக்கிறது! அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் புதுக் கார் வாங்கியவர்கள் பின்கண்ணாடியில், 'எஞ்சின் பழகிக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து முந்திச் செல்லவும்' என்ற பொருளில் ஒரு வாசகத்தை ஒட்டிக்கொள்வார்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடித்துத் தொந்தரவு செய்யாமல் இருக்கத்தான்.

ரேஸ் கார்கள் இன்னும் விசித்திரம். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அன்றைய ஃபார்முலா ஒன் எஞ்சின் நிமிடத்துக்கு 18,000 சுற்றுகளையும் தாண்டும். அதன் பாகங்கள் அவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியிருக்கும் என்பதால், குளிர்ந்த நிலையில் அதைக் கிளப்பக்கூடாது. முதலில் வெந்நீரையும் சூடான எண்ணெயையும் உள்ளே செலுத்தி, எஞ்சினைக் குளிப்பாட்டிய பிறகே ஸ்டார்ட் செய்வார்கள். பச்சைக் குழந்தையைக் கவனிப்பது போலத்தான்!

எங்கள் வண்டி என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே? சிலிண்டரை லேத்தில் கொடுத்து ரீபோர் செய்தார்கள். அதாவது, கீறல் போகும்வரை உட்சுவரைக் கடைந்து, சற்றே பெரிய பிஸ்டனைப் போட்டார்கள். அதற்கு ஆன செலவால் அத்தையின் வளையல் இன்னும் எட்டு மாதம் அடகுக் கடையிலேயே இருந்தது.

"புது பிஸ்டன், புது ரிங்கு. மறுபடி முதல்ல இருந்து பழக்கணும் தம்பி" என்று சொல்லித்தான் மெக்கானிக் சாவியைக் கொடுத்தார். அத்தான் ஒரு அட்டையில் 'வண்டி பழகுகிறது, முந்திப் போகவும்' என்று எழுதிப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த 1000 கிலோமீட்டர் முடியும்வரை என்னை அவர் வண்டியில் ஏற்றவே இல்லை. கேட்டால், "நீ ஏறினாத்தான் எனக்கு வேகம் வருது" என்பார்.