கட்டான் தீவில் ஒரு பண்டமாற்று

1995-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கிளாவுஸ் டாய்பர் அமைத்தளித்த ‘கட்டான்’ என்னும் பலகை விளையாட்டில் மரம், செங்கல், கம்பளி, தானியம், தாது என ஐந்து பொருள்கள் உண்டு. ஊர் ஒன்று அமைக்க முதல் நான்கும் வேண்டும். அவை ஒருவரிடமே சேர்வது அரிது. வங்கியோ ஒரே பொருளில் 4 கொடுத்தால்தான் 1 தரும். உடன் ஆடுபவர் மனம் வைத்தால் ஒன்றுக்கு ஒன்றே தருவார். ஆகவே அங்கே நயமான பேச்சுக்கு விலை உண்டு.

10 புள்ளிகள் பெற்றவருக்கு வெற்றி. நான் 9 புள்ளிகளுடன் முன்னின்றபோது, ஒரு செங்கலுக்கு இரண்டு கம்பளி தருவதாகக் கூறினேன். பேரப்பிள்ளைகள் மூவரும் மறுத்துவிட்டனர். வெல்லப் போகிறவனுக்குச் செங்கல் எடுத்துக் கொடுப்பார் யார்? அன்றியும், சற்று முன்னர் இளையவளிடம் மூன்று மரம் வாங்கிக்கொண்டே ஒரு தானியம் கொடுத்திருந்தேன். அதனை அவள் மறக்கவில்லை. நான்காம் கம்பளி கிடைத்து நான் வங்கியை நாடுவதற்குள் அவளே பத்தை எட்டிவிட்டாள்.