அரை டம்ளரில் ஒரு பொட்டலம்

சென்ற ஆண்டு ஓர் இரவு, என் மூன்று வயது மகளுக்கு வயிற்றுப்போக்கு. வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தது. 250 மில்லி தண்ணீரில் கலக்கச் சொல்லி அதில் அச்சடித்திருந்தது. இவ்வளவையும் இவள் எங்கே குடிக்கப் போகிறாள் என்று நினைத்து, அரை டம்ளரில் கரைத்துக் கொடுத்தேன். மருந்துதானே, கெட்டியாக இருந்தால் நல்லது என்பது என் கணக்கு. விடியும்போது "தண்ணி, தண்ணி" என்று அழுதாள். நாக்கு வறண்டிருந்தது.

கிளினிக்கில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "எவ்வளவு தண்ணியில கலந்தீங்க?" என்பதுதான். சொன்னேன். "மாங்காய்க்கு உப்புப் போட்டு வச்சா என்ன ஆகும்?" என்றார்.

எனக்குத் தெரியாதா? அம்மா ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி, உப்புப் பிசறி வைப்பார். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற மாட்டார். காலையில் ஜாடியில் தண்ணீர் நிற்கும், துண்டுகள் சுருங்கியிருக்கும். செல்லின் சவ்வு தண்ணீரை எளிதாக விடும், உப்பை விடாது. அதனால் உப்பு மிகுந்த பக்கம் தண்ணீர் போய்விடுகிறது. பள்ளியில் சவ்வூடு பரவல் என்று மனப்பாடம் செய்தேன். தேர்வோடு சரி.

நம் ரத்தத்தின் அடர்த்தி, லிட்டருக்குச் சுமார் 290 மில்லி ஆஸ்மோல். உலகச் சுகாதார நிறுவனம் முன்பு பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசல் 311. அதை 2002இல் 245 ஆகக் குறைத்தார்கள். ரத்தத்தைவிடச் சற்று நீர்த்திருப்பதால் குடலிலிருந்து தண்ணீர் உடலுக்குள் இறங்கும். அதிலுள்ள குளுக்கோஸ் உப்பையும் சேர்த்து உள்ளே இழுத்துப் போகும். தண்ணீர் பின்னாலேயே போகும். நான் கரைத்ததோ ஏறக்குறைய 490! உடம்பிலிருந்த தண்ணீரைக் குடல் பக்கம் இழுத்திருக்கிறேன். ரத்தத்தில் உப்பு மேலும் ஏறியிருந்தால் மூளைச் செல்களும் அந்த மாங்காய்போல் சுருங்கும், வலிப்புகூட வரலாம் என்றார் மருத்துவர்.

அதற்காக வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டே இருப்பதும் சரியில்லை. ரத்தத்தில் உப்பு குறைந்தால் செல்கள் வீங்கும். மண்டை ஓட்டுக்குள் மூளைக்கு வீங்க இடமேது? நம் வீடுகளில் உடனே கைக்கு வரும் இனிப்புப் பானங்களும் அப்படித்தான். சர்க்கரை மிகுந்தால் குடலுக்குள் தண்ணீர் சேர்ந்து, பேதி கூடும்.

புதிய பொட்டலம் ஒன்றைச் சரியான அளவில் கலந்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொன்னார். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்க வேண்டுமாம். மாலையில் மகள் சிறுநீர் கழித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கேக் செய்ய வாங்கிய அளவுக் குவளை இப்போது மருந்துப் பெட்டிக்குள் இருக்கிறது. மனைவி கேக் செய்யும்போதெல்லாம் அதைத் தேடுகிறார்.